துடக்கோடு பார்த்த சிவப்பு இலைகள்

மே மாதத்து முதல் சனிக்கிழமை அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் டண்டனோங் மலைக்கு இலை பார்க்கப் போனோம். ஷெர்புரூக், ஒலிண்டா, சசஃப்ராஸ், கடைசியாக த பேசின் பிள்ளையார் கோயில். ஒரு நாளில் குடும்பத்தோடு போய்வர இதைவிட நல்ல வழி மெல்பேர்னில் கிடையாது. வழி, செலவு, தூரம் எல்லாம் கீழே இருக்கிறது. ஆனால் இந்தப் பதிவு என்னுடைய மற்ற இலைப் பதிவுகள் மாதிரி இருக்காது. சந்தோஷமாக வாசிக்க வந்தவர்கள் போன வருடப் பதிவைத் தேடிப் போங்கள், அதில் படங்களும் அதிகம்.

என்னைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு: எனக்கு இலை என்றால் பைத்தியம். இங்கே இலைகள் நிறம் மாறும் ஏப்ரல் பிறந்தால் போதும், எந்தத் தோட்டத்தில் எந்த மேப்பிள் சிவக்கத் தொடங்கிவிட்டது என்று இரவு பகலாக இன்ஸ்டாகிராமில் உளவு பார்ப்பேன். மரங்களின் பெயர்கள், கமராப் பிடிப்பது, ஏன் இந்தத் தமிழ் எழுத்துகூட யூடியூப் பார்த்து நானாகப் பழகியதுதான். பிழை இருந்தால் கமென்டில் திட்டுங்கள். நான் ஆறு வயதில் அம்மா அப்பாவோடு படகில் வந்து இறங்கியவள். தமிழ்ப் பள்ளிக்கூடம் போக அப்போது வழி இருக்கவில்லை.

இந்த முறை போகலாம் என்று சொன்னது நான் இல்லை, அப்பா. அதுதான் அதிசயம்! யாழ்ப்பாணத்தில் என் பெரியப்பா, அதாவது அப்பாவின் ஒரே அண்ணன், ஸ்ட்ரோக் வந்து ஐசியுவில் இருந்தார். அப்பா போக முடியாது. எங்கள் வீசா இப்போதுதான் நிரந்தரம் ஆகியிருக்கிறது, இலங்கைப் பக்கம் தலை வைத்தும் படுக்காதே என்று லோயர் சொல்லிவிட்டார். இரண்டு கிழமையாக அப்பா வேலைக்குப் போவதும், வந்து போனைப் பார்த்துக்கொண்டு இருப்பதுமாக இருந்தார். வெள்ளிக்கிழமை இரவு பெரியப்பாவின் மகன் கஜன் அண்ணா, "அப்பா கண் முழிச்சிட்டார், என்ர கையைப் பிடிச்சவர்" என்று வொய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அப்பா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு என் அறைக் கதவைத் தட்டினார்.

"பிள்ளை, நாளைக்கு அந்த இலை பார்க்கப் போவமே? வரேக்க பேசின் பிள்ளையாரிட்டயும் போட்டு வருவம். அண்ணைக்கு ஒரு தேங்காய் உடைக்க வேணும்."

நான் துள்ளிக் குதித்தேன். அம்மா இரவோடு இரவாக ரோல்ஸ் பொரித்தா.

மலைக்குக் கீழே டண்டனோங் நகரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஷெர்புரூக் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். காலை ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டு, பத்துக்குக் கொஞ்சம் முன்னால் அல்ஃபிரெட் நிக்கலஸ் தோட்டத்து வாசலில் நின்றோம். பத்தரைக்குப் பிறகு போனால் கார் விட இடம் கிடைக்காது, வீதியோரமாக அரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டி வரும். நுழைவு இலவசம். எங்கள் வாகனம் அப்பாவின் பழைய வான், கியர் மாற்றி ஓடுவது. எனக்கு இருப்பது கியர் தானாக மாறும் ஓட்டோ கார் மட்டும் ஓடக் கூடிய பச்சை பி லைசன்ஸ். அம்மா ஓடப் பழகவே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்சத்தில் விளங்கும்.

மலை ஏறும்போது ஒன்றைக் கவனியுங்கள். வழி நெடுக நிற்கும் பெரிய யூக்கலிப்டஸ் மரங்கள் எதுவும் இலை உதிர்ப்பதில்லை. சிவப்பு, மஞ்சள் எல்லாம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்கள்தான். அதனால் "மலை முழுக்கச் சிவந்திருக்கும்" என்று நினைத்துப் போகாதீர்கள். தோட்டத்துக்கு உள்ளே போனால்தான் காட்சி. உள்ளே போனால், ஐயோ! இரண்டு பக்கமும் மேப்பிள்கள். பனி நனைத்த கற்படிகளில் இரத்தம் மாதிரி இலை. கீழே குளம், குளத்தோரம் ஒரு பழைய படகு வீடு, அதன் நிழல் தண்ணீரில் அசையாமல் கிடந்தது. இறங்கப் பத்து நிமிடம், ஏற இருபது நிமிடம். முழங்கால் நோ உள்ளவர்கள் பாதியில் இருக்கும் வாங்கில், அதாவது பெஞ்சில், இருந்து பார்ப்பது நல்லது. சப்பாத்து கட்டாயம்.

அப்பா குளத்தடியில் நின்று தாரா வாத்துகளுடன் கதைத்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிக் கதைத்து நான் கண்டதில்லை. அம்மா வாங்கில் இருந்து பிளாஸ்கைத் திறந்தா. பதினொன்று நாற்பதுக்கு என் போன் அதிர்ந்தது, கஜன் அண்ணாவின் மெசேஜ்.

"அப்பா போயிட்டார் தங்கச்சி. விடிய. சித்தப்பாட்ட நான் எப்பிடிச் சொல்லுறது. நீ சித்தியிட்டச் சொல்லு."

நான் போனை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா வாசித்தா. பிளாஸ்கின் மூடியை மெதுவாகத் திருகி மூடினா.

"அழாத. முகத்தை அங்கால திருப்பு. அவர் பார்க்கிறார்."

"சொல்லுவம் அம்மா."

"எங்க வைச்சு? இந்தப் பள்ளத்துக்குள்ளயோ? பிறகு ஆர் வானைக் கொண்டு போறது, நீயோ? சீனி வருத்தத்துக்குக் குளிசை போட்டிட்டு நிக்கிறார். கேட்டா ஒரு வாய் தின்ன மாட்டார், சீனி இறங்கி மயங்கிப்போவார். அந்த வளைவு றோட்டில கை நடுங்கினா மூண்டு பேரும் போவம். வீட்டை போய்ச் சொல்லுவம்."

"கனடா, லண்டன் ஆக்கள் எல்லாம் இப்பவே கோல் எடுக்கத் தொடங்கியிடுவினம்."

"அதுக்குத்தான் நீ படிச்சிருக்கிறாய். ஏதாவது செய்."

செய்தேன். அப்பாவிடம் போய், என் போனில் சார்ஜ் இல்லை, படம் எடுக்க உங்கட போனைத் தாங்கோ என்று வாங்கினேன். கையில் வந்தவுடன் சத்தத்தை நிறுத்தி, இணைப்பையும் துண்டித்தேன். ஒரு கோல் வந்துகொண்டிருந்தது, டொரொண்டோ மாமா. என் கைக்குள்ளேயே அது செத்தது.

ஏறி வரும் வழியில் ஒரு கிங்கோ மரம் இருக்கிறது. முழு மரமும் மஞ்சள், கீழே தரையும் மஞ்சள். இந்தத் தோட்டத்தில் எல்லோரும் படம் எடுக்கும் இடம் அதுதான். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு அக்காவும் கணவரும் நின்றார்கள்.

"ஏங்க, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்று அந்த அக்கா என்னிடம் கேட்டாங்க.

அப்பாவுக்குத் தமிழ் காதில் விழுந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்கள் இந்தியாவோ?"

"ஆமா அங்கிள், மதுரை. இப்ப மெல்பேர்ன்ல டார்னெய்ட் பக்கம் இருக்கோம். காலைல ஏழு மணிக்கே கெளம்பிட்டோம். இவரு வழி தெரியும் தெரியும்னு சொல்லி ரெண்டு எடத்துல தப்பா திருப்பிட்டாரு."

"ஜிபிஎஸ்தான் தப்பா சொல்லுச்சு," என்றார் கணவர்.

"ஆமா, ஜிபிஎஸ்ஸு உங்க வாயில உக்காந்திருந்துச்சா?"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கேட்காமலே சொன்னார்: "எங்கட அண்ணைக்குச் சுகமில்லாமல் இருந்தது தங்கச்சி. கடும் வருத்தம். நேற்றுத்தான் கண் முழிச்சவர். அதுதான் இண்டைக்குக் கொஞ்சம் வெளிய வந்தனாங்கள்."

"நல்லாயிடுவாரு அங்கிள். நீங்க வேணா பாருங்க, அடுத்த வருஷம் அவரையே இங்க கூட்டிட்டு வருவீங்க."

"ஓம், ஓம்," என்றார் அப்பா.

அம்மா மரத்தின் மற்றப் பக்கம் போய் நின்றுகொண்டா. அந்த அக்கா நல்ல மனதோடு, "அங்கிள், நீங்க நில்லுங்க, நான் எடுக்கறேன்" என்று அப்பாவின் போனைக் கேட்டாங்க. நான் கொடுக்கவில்லை. நானே எடுத்தேன். அப்பா கிங்கோவுக்குக் கீழே நிற்கிறார், தோளில் ஒரு மஞ்சள் இலை, வாய் நிறையச் சிரிப்பு. நான் எடுத்த படங்களிலேயே ஒளி இவ்வளவு சரியாக விழுந்த படம் வேறு இல்லை. இங்கே போடவில்லை.

அடுத்து ஒலிண்டாவில் இருக்கும் தாவரவியல் தோட்டம். வானில் பத்துப் பதினைந்து நிமிடம். இதுவும் இலவசம், மலசல கூட வசதி நல்லது, புல்வெளி பெரிது, சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஷெர்புரூக்கை விட இதுதான் சுகம். செர்ரி மரங்கள் அநேகமாகக் கொட்டி முடிந்திருந்தன. ஏரிப் பக்கத்து மேப்பிள்கள் மட்டும் நின்றன. ஏப்ரல் கடைசிக் கிழமை போயிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று குறித்துக்கொண்டேன். ஆமாம், குறித்துக்கொண்டேன். பெரியப்பா இறந்த செய்தி வந்து இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை, நான் எந்த மரம் எப்போது சிவக்கும் என்று போனில் எழுதிக்கொண்டிருந்தேன். கைக்கு வேறு வேலை தெரியவில்லை.

பாயை விரித்து ரோல்ஸ் சாப்பிட்டோம். அப்பா மூன்று சாப்பிட்டார். அம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா. ஒவ்வொரு கடிக்கும் அம்மாவின் தோள் கொஞ்சம் இறங்கியது.

"நீர் தின்னேல்லையோ?" என்று அப்பா கேட்டார்.

"எனக்குத் தலையிடி. இஞ்சாருங்கோ, கோயிலுக்கு இன்னொரு நாள் போவமே? நேர வீட்டை போவம்."

"தலையிடியெண்டா பிள்ளையாரிட்டச் சொல்லும். அண்ணைக்கு நேர்ந்த தேங்காய். வீட்டை திருப்பிக் கொண்டு போக ஏலாது."

அவர் வானடிக்குப் போனதும் அம்மா என் கையைப் பிடித்தா. இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை. செத்தவர் அப்பாவின் கூடப்பிறந்தவர். அதனால் அந்த விடியலிலிருந்தே எங்கள் மூன்று பேருக்கும் துடக்கு. தமிழ்நாட்டில் தீட்டு என்பார்கள். முப்பத்தொரு நாள் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. எங்கள் ஊர்ப் பேச்சில் பெண்களின் மாதவிலக்குக்கும் அதே சொல்தான், துடக்கு. அதற்கும் கோயில் இல்லை.

"தெரியாமப் போனாக் குற்றம் இல்லைத்தானே அம்மா? அப்பாக்குத் தெரியாது."

"அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. அண்ணன்ர துடக்கோட தேங்காய் உடைச்சனெண்டு பிறகு அறிஞ்சா அந்த மனுசன் செத்துப்போவார்."

"அப்ப நான் எனக்குத் துடக்கெண்டு சொல்லுறன். பிள்ளைக்கு ஏலாதெண்டு திரும்புவார்."

அம்மா தலையாட்டினா. அதற்கு மேல் நாங்கள் யோசிக்கவில்லை.

வழியில் சசஃப்ராஸில் நிறுத்தினோம். ஸ்கோன் விற்கும் கடைகளுக்குப் பெயர் போன இடம். மூன்று பேருக்கு ஸ்கோனும் தேநீரும் நாற்பது டொலருக்கு மேல் போகும். சனிக்கிழமை என்றால் அரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். வழமையாக விலைப் பலகையைப் பார்த்ததும் வானுக்குத் திரும்பிவிடும் அப்பா, அன்று தானே போய் வரிசையில் நின்று வாங்கி வந்தார்.

"இதென்ன, எங்கட ரீ பணிஸ்தானே! காய்ஞ்சுபோன ரீ பணிஸ். இதுக்கோ வெள்ளையள் இப்பிடி வரிசையில நிக்குதுகள்?" என்றார். எங்கள் பக்கம் பன்னைப் பணிஸ் என்போம். பாதியைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். "பிள்ளை, கஜன் ஏதும் போட்டவனோ? என்ர போனைத் தா பார்ப்பம்."

"இஞ்ச சிக்னல் இல்லை அப்பா."

சசஃப்ராஸில் சிக்னல் நன்றாகவே இருக்கும். போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

சசஃப்ராஸிலிருந்து த பேசினுக்கு இறங்கும் மவுண்டன் ஹைவே எட்டுக் கிலோமீட்டர் அளவு. முழுக்க வளைவு. சைக்கிள்காரர் கூட்டம் கூட்டமாக ஏறி வருவார்கள், கவனம். வயிற்றைப் பிரட்டும் பிள்ளைகள் இருந்தால் ஸ்கோனைக் கீழே இறங்கிய பிறகு கொடுங்கள். பின்னால் தேங்காய் பைக்குள் கிடந்து ஒவ்வொரு வளைவுக்கும் இடமும் வலமும் உருண்டு தகரத்தில் இடித்தது. அப்பா கியரை மாற்றி மாற்றி, பெரியப்பாவும் தானும் ஒரே சைக்கிளில் கீரிமலைக்குப் போன கதை சொன்னார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தா. இலைகளுக்கு ஊடாக வந்த வெயில் மூன்று பேர் முகத்திலும் விழுந்து விழுந்து போனது.

நாலு மணியளவில் கோயில் வளவில் வானை நிறுத்தினோம். அடர்ந்த மரங்களுக்கு நடுவில் அமைதியான இடம், கார் விட இலவசமாக இடம் உண்டு. பின்னேரப் பூசைக்கு மணி கேட்டது. அப்பா சப்பாத்தைக் கழற்றி, தேங்காயைக் கையில் எடுத்தார்.

"அப்பா, எனக்குத் துடக்கு," என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் சங்கடப்பட்டது. அப்பாமாருக்கு வருகிற சங்கடம். "சரி பிள்ளை, நீ வானுக்குள்ள இரு. நானும் அம்மாவும் கெதியாப் போட்டு வாறம். வாரும்."

அவர் திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். அம்மா அசையவில்லை.

"எனக்கும் துடக்கு," என்று அம்மா சொன்னா.

அப்பா முதலில் சிரித்தார். "உமக்கோ? உமக்கென்ன துடக்கு? ஒப்பரேசன் செய்து எல்லாம் எடுத்து எத்தினை வருசம்..."

சிரிப்பு அவர் வாயில் அப்படியே நின்றது. கண் அம்மாவிடமிருந்து என்னிடம் வந்தது, என்னிடமிருந்து என் சட்டைப் பையில் இருந்த அவருடைய போனுக்கு வந்தது.

"அண்ணையோ?"

என் கை அந்தப் பையை மூடியது.

"அண்ணையோ, பிள்ளை?"

"ஓம் அப்பா."

அவர் கோயிலைத் திரும்பிப் பார்த்தார். வாசலுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி இருந்தது. பின்பக்கமாகவே நடந்து வந்தார். தேங்காயை வானுக்குள் வைத்தார், உருளாமல் என் குளிர்ச் சட்டையை அதற்கு அண்டை கொடுத்து வைத்தார்.

"எப்ப?"

"விடிய. எங்களுக்குப் பதினொன்றரைக்குப் பிறகுதான் தெரியும்."

"நான் அந்தப் பிள்ளையோட சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு நிக்கேக்கயோ?"

"ஓம்."

"அந்தப் பணிஸ் தின்னேக்கயும்?"

அம்மா அழுதுகொண்டு, "நான்தான் சொல்ல வேண்டாமெண்டனான். அவளை ஏசாதேங்கோ" என்றா.

அவர் ஏசவில்லை. வளவோரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. சாவுச் செய்தி கேட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது எங்கள் வழக்கம். போய்க் குந்தி இருந்து குழாயைத் திறந்து தலையைக் கீழே கொடுத்தார். பத்துப் பாகை செல்சியஸ் குளிர். சேட், ஸ்வெட்டர், எல்லாம் நனைந்தது. அம்மா குழாயை மூடப் போனா, அவர் கையைத் தட்டிவிட்டார். பூசைக்கு வந்த ஒரு அங்கிள் தூரத்தில் நின்று பார்த்தார், விளங்கிக்கொண்டார் போல, கும்பிடாமல் தலையை மட்டும் குனிந்துவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். வான் ஓட அவரைத் தவிர ஆள் இல்லை. முக்கால் மணித்தியாலம் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வானுக்குள் இருந்தோம். பிறகு அவரே ஓடினார், ஈரத் தலையோடு, இடது பக்க லேனில், வேகக் கட்டுப்பாட்டுக்கும் குறைவாக. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். நான் போனின் இணைப்பைத் திரும்பக் கொடுத்தேன். ஃபெர்ன்ட்ரீ கலியிலிருந்து டண்டனோங் வரை அது நிற்காமல் அடித்தது. அவர் ஒன்றையும் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து எடுத்தார். டொரொண்டோ மாமாவின் குரல் ஸ்பீக்கர் இல்லாமலே கேட்டது. "எங்கயடாப்பா நிண்டனீ? எல்லாரும் அடிச்சு அடிச்சுக் களைச்சுப் போனம்!"

"கோயிலில," என்றார் அப்பா. "அண்ணைக்காண்டி."

லண்டன் மாமிக்கும் அதே பதில். ஜெர்மனிக்கும் அதே. ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்தில், "பார், அவனுக்கு உள்ளுக்கச் சொல்லியிருக்கு" என்று அழுதார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கடைசி அழைப்புக்குப் பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "இலை பார்க்கப் போனதெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

அடுத்த நாள் பின்னேரம் செத்த வீட்டை யூடியூப் லைவில் பார்த்தோம். அப்பா வேட்டியோடு டிவிக்கு முன்னால் கதிரையில் இருந்தார். கமராக்காரர் வந்தவர்களையும் மலர்வளையங்களையுமே காட்டிக்கொண்டிருந்தார். "முகத்தைக் கிட்டக் காட்டச் சொல்லு பிள்ளை" என்றார். கமென்டில் எழுதினேன். லைவ் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும். நான் எழுதியது அங்கே போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடிவிட்டார்கள்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. ஏப்ரல் கடைசிக் கிழமையிலிருந்து மே முதல் கிழமை வரை சரியான காலம். முடிந்தால் வார நாளில் போங்கள். ஷெர்புரூக்கைக் காலையிலும், ஒலிண்டாவை மத்தியானத்திலும் வையுங்கள். உணவு கொண்டு போனால் பெற்றோலைத் தவிரப் பெரிய செலவு இல்லை. மழைச் சட்டை, மாற்றுக் காலுறை, பிளாஸ்கில் தேநீர். வண்டி ஓடக் கூடியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஊரில் ஆராவது கடும் சுகவீனமாக இருந்தால், போகும் முன்னமே கூடி ஒன்றைப் பேசி வையுங்கள்: செய்தி வந்தால் எந்த இடத்தில் வைத்து, யார் சொல்வது. எங்களிடம் ஒரு முழுநாள் இருந்தது, இரண்டு தோட்டம் அளவுக்கு இடம் இருந்தது, சொல்ல ஒரு இடம் கிடைக்கவில்லை. அம்மா செய்தது சரியா பிழையா என்று கமென்டில் சண்டை பிடிக்க வேண்டாம். அம்மாவே தன்னோடு அந்தச் சண்டையை ஒவ்வொரு நாளும் பிடித்துக்கொண்டிருக்கிறா.

துடக்குக் கழிந்து இரண்டு நாளின் பின் இதை எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்து, கோயிலுக்கு மட்டும் போனதாக மாற்றிப் போடவா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் வேலைச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். மற்றச் சப்பாத்தையும் கழற்றி, இரண்டையும் சேர்த்து வைத்தார்.

"இலை பார்க்கப் போனதெண்டே போடு," என்றார். "கோயிலுக்குள்ள நான் போகேல்லை. அதையும் போடு. டொரொண்டோ மாமாவுக்கும் அனுப்பு."

அனுப்பிவிட்டேன். மாமா பார்த்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை. அப்பா குசினியில் சாப்பிடாமல், போனை மேசையில் வைத்துக்கொண்டு இருக்கிறார்.